பெங் டீச்சரின் கடைசிச் சொல்

அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் வேலை என்னிடம் வந்ததில் யாருக்கும் வியப்பில்லை. முப்பத்திரண்டு வருடம் தைபேயில் ஒரு நாளிதழில் செய்தியாளராக இருந்தவள் நான். சனிக்கிழமை காலை இறுதிச் சடங்கு. துறவிகள் ஓதி முடித்ததும், வந்தவர்கள் வணங்கத் தொடங்குவதற்கு முன்னால், குறிப்பைக் குடும்பத்தில் ஒருவர் வாசிக்க வேண்டும். அதுவே படத்தோடு அச்சாகி எல்லோர் கையிலும் இருக்கும். வியாழன் நண்பகலுக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மியாவ்லியில் அம்மாவின் பழைய வீட்டில் உட்கார்ந்து எழுதி முடித்தேன். பிறப்பு, ஆசிரியர் பயிற்சிப் பள்ளி, நாற்பத்து நான்கு வருடம் ஒரே தொடக்கப்பள்ளி, கடலுக்கு அப்பால் இருக்கும் ஷான்தோங்கிலிருந்து படையோடு வந்து இங்கேயே ஆசிரியராகிவிட்ட ஒருவரோடு திருமணம், இரண்டு பிள்ளைகள். கடைசியில் ஒரு வரி: "தன் மனத்தில் இருந்த ஒரு பொறாமையை வாழ்நாள் முழுவதும் சொல்லாமல் வைத்திருந்து, இறுதி நாட்களில்தான் வாய்விட்டுச் சொன்னார்."

தம்பி கோலியாங் அந்த வரியில் விரலை வைத்தான். சின்ச்சுவில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். கணக்கு தப்பாக இருந்தால் தாளைத் தொட்டே காட்டுவான்.

"அக்கா, என்ன இது? செத்துப்போன அம்மாவ இருநூறு பேர் முன்னாடி பொறாமைக்காரின்னு சொல்லப் போறியா?"

"நான் சொல்லல. அவங்க சொன்னது."

"பேப்பர்ல எழுதி எழுதி உனக்கு எல்லாத்துலயும் ஒரு நியூஸ் வேணும். அன்பானவர், பொறுமையானவர், மாணவர்களைப் பெத்த பிள்ளைங்களா நெனச்சவர்னு போட்டா என்ன குறைஞ்சிடும்?"

"அது யாரோட அம்மான்னு தெரியாது."

"மேல பேர் போட்டிருக்கும்ல. தெரியும்."

நான் வரியை எடுக்கவில்லை. அம்மா உண்மையில் எப்படி வாழ்ந்தாள் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அந்தச் சொல்தான். அவள் வருத்தத்தோடு போனாள் என்றால், அந்த வருத்தத்தையாவது மதித்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

கடைசி மூன்று வருடம் அம்மா என்னோடு தைபேயில் இருந்தாள். நினைவு தப்பிக்கொண்டே வந்தது. முதலில் பேரப்பிள்ளைகளின் பெயர், பிறகு தெரு, பிறகு பேச்சே குறைந்தது. சளிக்காய்ச்சல் என்று மருத்துவமனையில் சேர்த்தபோது, விழுங்குவது நுரையீரலுக்குள் போகிறது, வாய்வழியாக எதுவும் கூடாது என்றார்கள். மூக்கில் குழாய் போட்டார்கள். இரண்டு முறை பிடுங்கி எறிந்தாள். மூன்றாம் முறை போட வேண்டுமானால் கையைக் கட்ட வேண்டும். கோலியாங் வந்தான். நடைபாதையில் நின்று பேசினோம். எண்பத்தெட்டு வயது. கையைக் கட்ட வேண்டாம், குழாய் வேண்டாம், சொட்டு மருந்து மட்டும் போதும் என்று முடிவெடுத்தோம். தாளில் அவன் கையெழுத்துப் போட்டான். இந்த நிலையில் அவர்களுக்குப் பசி தெரியாது என்று மருத்துவர் சொன்னார். அக்கறையோடுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு ஆறு நாள் இருந்தாள். முதல் நாளிலிருந்தே அந்தச் சொல் வந்தது. உதடு வறண்டிருந்தது, குரல் கிட்டத்தட்டக் காற்று. "தூஜி." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "தூஜி."

எங்கள் தேசிய மொழியில் அதற்குப் பொறாமை என்று பொருள். வேறு யாராவது சொல்லியிருந்தால் உளறல் என்று விட்டிருப்பேன். ஆனால் அம்மா உச்சரிப்பில் தப்பே செய்யாதவள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, நாக்கு மடியாமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைக்கச் சொல்லி, சரியாகச் சொன்ன பிறகுதான் எடுக்க விடுவாள்.

பொறாமை யார்மீது என்றும் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அப்பாவுக்கு ஷான்தோங்கில் முதல் மனைவி ஒருத்தி இருந்தாள். இருபது வயதில் விட்டு வந்தவர். நாற்பது வருடம் கழித்துப் போக அனுமதி கிடைத்தபோது, பெட்டி கட்டியது அம்மா. இரண்டு தங்க மோதிரம் வாங்கினாள். பார்த்தேயிராத அந்தப் பெண்ணுக்கு, அளவு தெரியாமலே ஒரு கம்பளிச் சட்டை பின்னினாள். அப்பா திரும்பி வந்ததும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் அதைப் பெருந்தன்மை என்று நம்பியிருந்தேன்.

ஆகவே ஆறு நாளும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னேன். நாலாம் நாள் மதியம் கைப்பேசியில் பதிவும் செய்தேன். காதை நம்பாதே, பதிவை நம்பு என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி ஏற்பட்ட பழக்கம்.

புதன்கிழமை மதியம் அம்மாவின் பழைய மாணவர்கள் வந்தார்கள். சவப்பெட்டியோடு எரிப்பதற்கு மஞ்சள் தாளில் தாமரை மடிக்க வேண்டும். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். முன்கூடத்தில் மேசையைச் சுற்றிப் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்தது.

வகுப்புத் தலைவனாக இருந்த ஃபூவை இன்னும் எல்லோரும் லீடர் என்றுதான் கூப்பிட்டார்கள். கூட்டுறவுச் சங்கச் செயலாளராக ஓய்வு பெற்றவர். பக்கத்தில் யே, முன்னாள் பஸ் ஓட்டுநர். எதிரே ஜின்மேய் அக்கா. சந்தையில் முள்ளங்கி அடைத்த அரிசிக் கொழுக்கட்டை விற்பவர். அன்றைக்கும் ஒரு கூடை கொண்டுவந்து அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, கை துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூவரும் தங்களுக்குள் தாய்மொழியான ஹக்காவில் பேசினார்கள். நான் கிட்டே போனால் தேசிய மொழிக்கு மாறினார்கள்.

"லீடர், உங்க தாமரை முட்டைக்கோஸ் மாதிரி இருக்கு," என்றார் யே.

"டீச்சர் எழுந்து வந்து மறுபடி செய்னு சொல்லட்டும், செய்றேன்."

"சொல்வாங்க. அதுவும் நாப்பது தடவைன்னு சொல்வாங்க," என்றார் ஜின்மேய் அக்கா.

"இவளுக்குத்தான் தெரியும். கிளாஸ்லயே அதிக நாள் பலகை மாட்டினவ இவதான்," என்றார் யே.

"நீ மாட்டலியா? நீ என்னைக் காட்டிக் குடுத்துட்டுத்தானே கழட்டின?"

யே சிரித்து இருமினார். "அறுவது வருஷமாச்சு. இன்னும் விட மாட்டேங்குறா பாரு."

பலகை என்ன என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் 'தேசிய மொழியில் பேசுக' என்று எழுதிய பலகையை மாட்டுவார்கள். அடுத்து யார் வாய் தவறுகிறார்களோ அவர்களைப் பிடித்துக்கொடுத்தால்தான் அது கழுத்தை விட்டு இறங்கும். அதைப் பற்றிச் செய்தித்தாளில் நானே ஐந்து நாள் தொடர் எழுதியிருக்கிறேன். அப்போது அம்மாவிடம் கேட்டேன், "நம்ம பள்ளிக்கூடத்துலயும் இருந்துதா?" என்று. "எல்லா இடத்துலயும் இருந்தது," என்று சொல்லிவிட்டு மூங்கில் குருத்தை உரித்துக்கொண்டிருந்தாள். நான் மேலே கேட்கவில்லை. ஊர் ஊராகப் போய் முன்பின் தெரியாதவர்களையெல்லாம் கேட்டேன்.

"பலகையில எழுதினது யாரு?" என்றேன் இப்போது.

ஃபூ தாளை நீவினார். "மேலேருந்து உத்தரவு. எல்லா டீச்சருக்கும்..."

"கையெழுத்து யாரோடதுன்னு கேக்குறா," என்றார் ஜின்மேய் அக்கா. "உங்கம்மாவோடதுதான். என்ன அழகா இருக்கும் தெரியுமா? அதைப் பாத்துப் பாத்துத்தான் நான் எழுதவே கத்துக்கிட்டேன். கழுத்துல தொங்கும்போது தலைகீழாத் தெரியும், அதான் கஷ்டம்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் ஒருவரே சிரித்தார்.

இவர்களுக்கு அம்மாவை என்னைவிட நன்றாகத் தெரியும் என்று அப்போது தோன்றியது. அந்த வரியைப் பற்றி இவர்களிடம் கேட்பதுதான் நியாயம். "ஒண்ணு கேக்கணும். எங்கம்மா யார் மேலயாவது பொறாமைப்பட்டு நீங்க பாத்திருக்கீங்களா?"

"பெங் டீச்சரா? பொறாமையா?" யே தலையை ஆட்டினார். "அவங்களுக்கு அதுக்கெல்லாம் ஏது நேரம்? எங்க தலையில பேன் பாக்கவே நேரம் பத்தாது."

"கடைசில அதைத்தான் சொன்னாங்க. திரும்பத் திரும்ப. பதிவு வெச்சிருக்கேன்."

கைப்பேசியை மேசை நடுவில், தாமரைகளுக்கு இடையில் வைத்து அழுத்தினேன். மருத்துவமனை இயந்திரத்தின் ஒலி. பிறகு அம்மாவின் குரல். பிறகு என் குரல்: "இல்லம்மா, அப்பா அங்க இருபது நாள்தான் இருந்தாரு. உன்கிட்டதான் திரும்பி வந்தாரு. அந்தம்மாவ நெனச்சுக் கஷ்டப்படாத." மறுபடி அம்மா. மறுபடி நான்: "எல்லாம் முடிஞ்சுபோச்சும்மா, விட்டுடு." மூன்றாம் முறை அம்மாவின் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

நான் நேர்காணல் செய்தே வாழ்ந்தவள். ஒரு மேசையில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரு விஷயம் புரிந்தால் எப்படி இருக்கும் என்று தெரியும். மூன்று பேரின் கைகளும் நின்றுவிட்டன. யே என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார்.

"தெளிவா இல்ல," என்றார் ஃபூ. "மெஷின் சத்தம். இது என்னன்னு யாராலயும் சொல்ல முடியாது. அணைச்சிடும்மா."

"லீடர்," என்றார் ஜின்மேய் அக்கா.

"நீ சும்மா இரு."

"அவ கேக்குறா."

"கேட்டா? சொல்லி என்ன ஆகப்போவுது? உனக்கு எப்பவும் வாய அடக்கத் தெரியாது. அன்னைக்கும் இதே வாய்தான்."

"அன்னைக்குப் பலகை மாட்டினாங்க. இன்னைக்கு யாரு மாட்டுவா? நீயா?"

ஃபூ எழுந்து வாசலுக்குப் போய் மழையைப் பார்த்து நின்றார். ஜின்மேய் அக்கா மடித்துக்கொண்டிருந்த தாமரையின் கடைசி இதழையும் இழுத்துவிட்டு, அதை ஓரமாக வைத்தார்.

"என் பேர் என்ன, ஷூவென்?"

"ஜின்மேய் அக்கா."

"அது உங்கம்மா ரிஜிஸ்டர்ல கூப்பிட்ட பேரு. எங்கம்மா என்னைக் கிம்மோய்னு கூப்பிட்டா. எழுத்து ஒண்ணுதான். வீட்டுல கிம், பள்ளிக்கூடத்துல ஜின். எங்க பாஷையில கின்னு வர்றது உங்க பாஷையில ஜி ஆயிடும். புரியுதா?"

"புரியுது."

"உங்கம்மா சொன்னது தூஜி இல்ல. தூகி. தூன்னா வயிறு. கின்னா பசி."

தேசிய மொழியில் 'கி' என்று ஓர் ஓசையே கிடையாது. அம்மா சொன்னதை என் காது ஆறு நாளும் பிழை திருத்தியிருக்கிறது. அவள் எனக்குப் பழக்கிய காது.

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கிம்மோய் அக்கா ஒரு கொழுக்கட்டையை எடுத்து என் கையில் வைத்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"நான் நெனச்சேன், அவங்களுக்கு ஹக்காவே மறந்துபோச்சுன்னு," என்றார். "ஆறாங்கிளாஸ் முடிச்சதும் எங்க வீட்டுல என்னைத் துணி மில்லுக்கு அனுப்பப் பாத்தாங்க. உங்கம்மா மூணு தடவை எங்க வீட்டுக்கு வந்தாங்க, மேல படிக்க வைங்கன்னு. எங்கம்மாவுக்கு ஹக்காவத் தவிர ஒண்ணும் தெரியாது. உங்கம்மாவும் ஹக்காக்காரிதான், பக்கத்து ஊரு. ஆனா எங்கம்மாகிட்ட தேசிய மொழியிலதான் பேசினாங்க. நடுவுல நான் நின்னு மாத்திச் சொன்னேன். ரெண்டு பேரும் ஒருத்தி பேசுறது இன்னொருத்திக்குப் புரியாத மாதிரி உக்காந்திருந்தாங்க."

"ஏன்?"

"பன்னெண்டு வயசுப் பொண்ணு முன்னாடி விதிய மீறக் கூடாதுன்னுதான் இருக்கும். வேற என்ன? அப்புறம் நாப்பது வருஷம் என் கடைக்கு வந்தாங்க. 'ரெண்டு குடு ஜின்மேய்'. ஒரு நாள்கூட மாறல."

"உங்களுக்கு அவங்க மேல கோபம் இல்லையா?"

"இருக்கு. அதுக்காகத் தாமரை மடிக்க வராம இருப்பேனா?"

வியாழன் காலை கோலியாங் படத்தோடு வந்தான். அச்சகத்துக்குப் போக இன்னும் இரண்டு மணி நேரம். அவனுக்குச் சொல்லாமல் இருக்கலாமா என்று இரவெல்லாம் யோசித்திருந்தேன். அந்த வரியை நான் எடுத்துவிட்டதைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது.

"அப்பாடா. உனக்கே தோணுச்சா?"

"இல்ல. அவங்க சொன்னது அது இல்லன்னு தெரிஞ்சுது."

"பின்ன என்ன சொன்னாங்க?"

சொன்னேன். அவன் படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். பிறகு நிமிர்த்தினான்.

"டாக்டர் பசி தெரியாதுன்னு சொன்னாரே."

"சொன்னார்."

"ஆறு நாள்."

"ஆமா."

"ஒரு தடவை சொன்னாங்களா, ரெண்டு தடவையா?"

அவன் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தான். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது முகம் நனைந்திருந்தது.

"அக்கா. பொறாமைன்னே போட்டுடு."

"என்னது?"

"நீ எழுதினதுதானே? அந்த வரிய அப்படியே வெச்சுடு. எல்லார் மேலயும் பொறாமைன்னு போடு. எனக்கு ஒண்ணும் இல்ல."

"அது பொய்டா."

"இருக்கட்டும். நேத்து வரைக்கும் உண்மையாத்தானே இருந்துது?"

"கோலியாங், நானும்தான் பக்கத்துல நின்னேன்."

"நின்ன. பேனா என் கையில இருந்துது."

அச்சகத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற வருடத்தோடு முடியும் குறிப்பை அனுப்பினேன். பொறாமையும் இல்லை, பசியும் இல்லை. அவன் அதைப் படித்துப் பார்த்து, "சரி," என்றான். நானும் "சரி" என்றேன். அவன் அதை ஒரு வாக்காக எடுத்துக்கொண்டான் என்பது எனக்குத் தெரியும். திருத்தவில்லை.

சனிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. பின்வரிசையில் அம்மாவிடம் படித்த அரிசிக்கடைக்காரர், அவர் மகன், பேத்தி என்று மூன்று தலைமுறை நின்றது. நான் வாசித்தேன். அம்மா யாருக்கெல்லாம் முடி வெட்டிவிட்டாள், யார் வீட்டுப் படியெல்லாம் ஏறி இறங்கினாள் என்று வந்தபோது சிலர் அழுதார்கள். ஓய்வு பெற்ற வருடத்தை வாசித்ததும் மடித்த தாள்களை மூடும் சலசலப்புக் கேட்டது.

நான் ஒலிவாங்கியை விடவில்லை.

"அச்சில் இல்லாத சில வரிகள் உண்டு," என்றேன். "அவர் உங்களில் பலருடைய கழுத்தில் பலகை மாட்டினார். அந்தப் பலகையைத் தன் கையால் எழுதினார். தன் மொழியை எங்களுக்குத் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கடைசி ஆறு நாள் அவர் அந்த மொழியில்தான் பேசினார். பசிக்கிறது என்று சொன்னார். அவர் பிள்ளைகளான எங்களுக்கு அது புரியவில்லை. நாங்கள் அவருக்குச் சாப்பாடு கொடுக்கவில்லை."

நாங்கள் என்றுதான் சொன்னேன். கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முன்வரிசையில், கையில் ஊதுபத்தியோடு நின்ற கோலியாங் தலை நிமிரவில்லை. சாம்பல் நீண்டு அவன் விரல்மேல் விழுந்தது. கூடத்தில் யாரும் அழவில்லை. சடங்கு நடத்துபவர் ஒரு கணம் தடுமாறி, வணங்க வருமாறு முதல் வரிசையை அழைத்தார்.

வெளியே வரும்போது ஃபூ என் பக்கத்தில் வந்து, "இது டீச்சருக்குப் பிடிச்சிருக்காது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரியாக இருக்கலாம்.

எரியூட்டும் இடத்தில் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சுவரில் திரை, எந்தக் குடும்பம் எந்த அறைக்கு என்று எண்கள் மாறிக்கொண்டிருந்தன. கோலியாங் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஜன்னலோரம் நின்றவன், கொஞ்ச நேரம் கழித்து, எதிர்ப்பக்கப் பெஞ்சில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிம்மோய் அக்காவிடம் போனான். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"எப்படிச் சொல்லணும்கா?"

"எதை?"

"அதத்தான்."

அவர் குடையைக் கீழே வைத்தார். "தூகி."

"தூஜி."

"நாக்க முன்னாடி கொண்டு வராத. பின்னாடி, தொண்டைகிட்டேருந்து. கி."

"ஜி."

"கி."

சின்ன வயதில் மாவட்ட உச்சரிப்புப் போட்டியில் மூன்று வருடம் முதல் பரிசு வாங்கியவன் அவன். கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி அம்மாதான் பழக்கினாள். இப்போது ஐம்பத்தேழு வயதில் தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி முயன்றான். திரையில் எங்கள் எண் வந்தது. எரிந்த எலும்பைக் கலசத்தில் எடுத்து வைக்க மகனை உள்ளே வரச் சொல்லிப் பணியாளர் கூப்பிட்டார். நான் எழுந்தேன். அவன் எழவில்லை.

"ஜி," என்றான்.

"இல்லப்பா," என்றார் கிம்மோய். "இன்னொரு தடவை சொல்லு."